சாரலில் கரையும் மயில்

ஆனி பிறந்துவிட்டால் வீரகேரளம்புதூரில் கதவுகளுக்கு ஓய்வு கிடையாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்தில் சாரலை உதறிவிட்டு, வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிழக்கே வருகிறது. சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவதும், கொக்கி போடாத கதவுகள் படீரென்று அறைவதும் ஒரே காற்றில்தான். சில நாள் சாரலும் இங்குவரைக்கும் எட்டிப் பார்க்கும். அப்படியொரு மாலையில், ஒரு புதுவீட்டு வாசலில் கண்ணாடியில் வெட்டிய மயிலொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காணாமல் போயிற்று. முதலில் தோகை, பிறகு கழுத்து. கடைசியில் கண் மட்டும் ஒரு புள்ளியாக நின்றது.

மாயமெல்லாம் இல்லை. காற்றழுத்தத்தில் துகளை அடித்து எடுத்த கண்ணாடியின் பரப்பு நுண்ணிய பள்ளங்களின் கூட்டம். பள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது பால் வெள்ளையாகத் தெரிகிறது. மேலே தண்ணீர் பட்டால் பள்ளம் நிரம்பிப் பரப்பு மட்டமாகிவிடும். நீருக்குள் ஒளி வளைகிற அளவும் கண்ணாடிக்குள் வளைகிற அளவும் ஏறக்குறைய அருகருகே இருப்பதால் சிதறல் அடங்கி, படம் கரைந்துபோகிறது. எண்ணெய் இன்னும் மோசம், அதன் ஒளிவிலகல் கண்ணாடிக்கு மேலும் நெருக்கம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த விருந்தாளி ஒருவர் உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் போதும், கண்ணாடியில் வெட்டிய தாமரை இதழ்மேல் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்து நிற்கும்.

வெட்டிய முகம் வீட்டுக்கு உள்பக்கம் இருக்கவேண்டும் என்று நல்ல வேலைக்காரர்கள் சொல்வதற்கு இது பாதிக் காரணம். மறுபாதி அழகு சம்பந்தப்பட்டது. பின்முகத்தில் ஆழமாகக் குழித்த உருவத்தை வழவழப்பான முன்முகம் வழியாகப் பார்த்தால் பள்ளம் மேடாகத் தெரியும். மயிலின் மார்பு நம்மை நோக்கிப் புடைத்து வரும். கண்ணாடி வேலையில் நான் மயங்குவது இந்த ஏமாற்றுக்குத்தான். அது கூடிவரக் குழிக்கும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி முழுக்க வினைல் ஸ்டிக்கர் ஒட்டி, உருவத்தின் பகுதிகளை அதில் தனித்தனியாகக் கீறி வைப்பார்கள். நமக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்ற வேண்டிய பகுதியை முதலில் உரித்து, அதிக ஆழத்துக்கு அடிப்பார்கள். பிறகு அதன் பின்னால் இருப்பது, அதற்கும் பின்னால் இருப்பது. எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் அடித்த மயில் கோலப்பொடியில் போட்ட மயில்தான். அதற்கும் குறைவானது, வெறும் ஃபிராஸ்டட் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டிவிட்டு ‘எட்சிங்’ என்று சொல்லிக் காசு வாங்குவது.

பகலில் தெருவிலிருந்து பார்த்தால் பின்னால் வீட்டின் இருட்டு. மயில் வெள்ளையாக எழும். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே கோடுகள் தெரு வெளிச்சத்துக்கு எதிரே சாம்பல் நிழலாக இருக்கும். ஒரே கதவில் இரண்டு மயில். ஊத்துமலை ஜமீன்தார்கள் வாழ்ந்த ஊர் இது. அவர்களுடைய அவைப்புலவர் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குக் காவடிச் சிந்து பாடியவர். மயில் இந்த ஊருக்குப் புதிதல்ல, கண்ணாடியில் ஏறியதுதான் புதிது.

ஆழம்தான் அழகு என்றால், எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கண்ணாடிதான் சொல்லவேண்டும். கைக்கு வசதியானது சாதாக் கண்ணாடி. எப்படி வேண்டுமானாலும் குழிக்கலாம். ஆனால் காற்றில் கதவு அறைந்து உடைந்தால் கத்தி நீளத்துக்குச் சில்லுகள் விழும். அதற்கு மாற்று டஃபன்ட் கிளாஸ். கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். பிறகு சுருங்க முயலும் உட்பகுதி அதைப் பிடித்து இழுக்கும். வெளியே நெருக்கம், உள்ளே இழுவிசை. இந்த மல்லுக்கட்டுதான் அதற்குச் சாதாக் கண்ணாடியைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு வலுவைத் தருகிறது. உடைந்தாலும் கற்கண்டு போலப் பொடித்துண்டுகளாக உதிரும்.

அந்த நெருக்கப் படலம் ஒவ்வொரு பக்கமும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான், 10 மி.மீ. கண்ணாடி என்றால் 2 மி.மீ. ரெடியான டஃபன்ட் கண்ணாடியை வாங்கி வைத்து ஆழமாகக் குழிக்க ஆரம்பித்தால், துகள் அந்தப் படலத்தைத் துளைத்து உள்ளே இழுவிசையைத் தொடும் நொடியில் மயிலும் கண்ணாடியும் சேர்ந்து தரையில் கொட்டும். ஒரு பட்டறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதன்பிறகு யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை. மேலோட்டமாகப் பனிப்பூச்சு அளவுக்கு அடித்துத் தப்பிப்பவர்கள் உண்டு, ஆனால் அதுவும் வலுவைத் தின்னும். முறை என்னவென்றால், முதலில் அறுப்பு, துளை, செதுக்கல் எல்லாம், உலை கடைசியில். அதிலும் ஆழம் கூடினால் உலைக்காரர் வாங்க மாட்டார். தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் சூடும் குளிர்ச்சியும் சீராக ஏறாது.

ஆழமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு லேமினேட்டட் கண்ணாடிக்கு. பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனடிக்டஸ் 1909-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே நைட்ரோசெல்லுலோஸ் காய்ந்திருந்த குடுவையொன்று விழுந்தும் சிதறாததிலிருந்து பிறந்த யோசனை என்பார்கள். இன்று இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். மயிலை ஒரு தகட்டில் வெட்டலாம். விரிசல் விட்டாலும் சில்லு படலத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கதவு திறந்த வாசலாகிவிடாது. ஆனிக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. பூஜையறைக் கதவு மட்டும் வேறு கணக்கு. குத்துவிளக்கின் சூடு ஓர் இடத்தை மட்டும் தாக்கும், அதைத் தாங்கும் தெம்பு டஃபன்ட் கண்ணாடிக்குத்தான் அதிகம். அங்கே மெல்லிய செதுக்கலே போதும். மணி ஓசைக்கு நடுவே புடைப்பு யார் கண்ணில் படப்போகிறது?

துகளை அடித்துக் குழிக்கும் இந்த வேலைக்கு ‘சாண்ட் பிளாஸ்டிங்’ என்று பெயர் இருந்தாலும் மணலைத் தொடக்கூடாது. 1870-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் டில்க்மன் காப்புரிமை வாங்கியபோது மணல்தான். அந்தச் சிலிக்கா தூசு நுரையீரலைக் கல்லாக்கிவிடும் என்பது தெரிந்தபின் அலுமினியம் ஆக்சைடும் சிலிக்கன் கார்பைடும் வந்தன. மூடிய பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்யும் பட்டறையென்றால் நம்பி உள்ளே போகலாம்.

நான் பார்த்த கதவில் குனிந்து மூலையைத் தேடினேன். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. உள்ளே படலத்தின் கோடும் விளிம்பில் தெரிந்தது. செதுக்கல்தான் வெளிமுகத்தில். கதவைத் திருப்பி மாட்டியிருக்கலாமே என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“மழை விட்டா வந்துரும் அண்ணாச்சி,” என்றார்.