ஞானோதயமும் பொறியும்

நமது கதாசிரியர்கள் ஒரு சொல்லை ஊதாரித்தனமாகச் செலவிட்டு வருகின்றனர். கதாநாயகன் குடியை விட்டாலும் 'ஞானோதயம்'. சாவி வைத்த இடம் நினைவுக்கு வந்தாலும் 'ஞானோதயம்'. கடன்காரனிடமிருந்து தப்ப வழி கண்டாலும் அதுவே. தமிழில் வேறு சொல் இல்லையோ என்று பிறர் ஐயுறக்கூடும். உண்மை இதற்கு நேர்மாறானது. திடீரென எழும் எண்ணத்தைக் குறிக்க நம் மொழியில் பல சொற்கள் உள. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளுடையது. அவ்வேற்றுமையை மறப்பதால் நேரும் கேடு மொழியோடு நிற்பதன்று என்பதைக் காட்டவே இதனை எழுதலானோம்.

முதலில் 'தோன்றிற்று' என்பதை எடுத்துக்கொள்வோம். 'எனக்குத் தோன்றிற்று' என்பவன் அவ்வெண்ணத்திற்கு முழுப் பொறுப்பேற்பதில்லை. தோன்றியது எண்ணம், அவன் அது தோன்றிய இடம் மட்டுமே. சபையில் அடக்கமாகப் பேசுவோர் 'எனக்குத் தோன்றுகிறது' என்று தொடங்குவது இதனாலேயாம்.

'பொறி தட்டிற்று' என்பது அவ்வாறன்று. சிக்கிமுக்கிக் கல் உரசாமல் பொறி இல்லை. பஞ்சு இல்லையேல் அப்பொறி தீயாவதுமில்லை. மூன்று நாள் செக்ரோலைப் புரட்டியும் பிடிபடாத கணக்குப் பிழை, நான்காம் நாள் குளிக்கும்போது பளிச்சென்று புலப்படுமாயின், அது பொறி. குளியல் அதற்குக் காரணமன்று. மூன்று நாள் உழைப்பே காரணம்.

'உறைத்தது' என்பது மிளகாயின் சொல். பிறர் முன்பே சொல்லி, தானும் காதால் கேட்டிருந்த ஒன்று, காலந்தாழ்த்து உள்ளே இறங்குவதே உறைத்தல். இதில் சிறிது நாணமும் கலந்திருக்கும். 'யுக்தி' என்பதோ ஒரு காரியத்தை முடிக்கும் நோக்கமுடையது; 'யுக்தி செய்தான்' என்று மனிதனையே கருத்தாவாக வைத்துப் பேசுகிறோம். 'அருள் வந்தது' என்னும்போது மனிதன் வெறுங்கருவியாகிறான். பெருமையெல்லாம் வேறோரிடத்துக்குப் போய்விடுகிறது.

'ஞானோதயம்' இவை யாவற்றினும் பெரிது. வாழ்வு முழுவதையும் புரட்டிவிடும் தெளிவுக்கே அது உரியது. புத்தர் அரசமரத்தடியில் பெற்ற தெளிவை அச்சொல்லால் குறிக்கிறோம். அவரும் ஆறாண்டு அலைந்து, உடலை வருத்திப் பார்த்து, அதனால் பயனில்லை எனக் கண்ட பின்னரே அங்கு அமர்ந்தார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன.

நம் பாட்டன்மார் பால் வெட்டிய ரப்பரின் வரலாறும் இதற்குச் சான்று. அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டும் உருகிவிடாமல் பதப்பட்டதை 1839-ஆம் ஆண்டில் கண்டார். தற்செயலாய் வந்த அதிர்ஷ்டம் என்று பலர் இதனைச் சொல்வர். அதற்கு முன் பல ஆண்டுகள், கடனுக்காகச் சிறையிலிருந்த நாட்களிலுங்கூட, அவர் ரப்பரையே பிசைந்து சோதித்துக்கொண்டிருந்தார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அப்பயிற்சி இல்லாதவன் அடுப்பைத் துடைத்துவிட்டுப் போயிருப்பான்.

காளமேகப் புலவர் கதையும் இத்தகையதே. கேட்ட மாத்திரத்தில் பாடும் ஆசுகவி அவர். 'ஆசு' என்பது விரைவு. மடைப்பள்ளியில் பணிபுரிந்த அவர் வாயில் திருவானைக்கா அம்மன் தாம்பூலத்தை உமிழ்ந்தாள் என்றும், அக்கணமே அவர் கவியானார் என்றும் கர்ணபரம்பரைக் கதை கூறுகிறது. ஒரே வெண்பாவில் இருபொருள் வைத்துச் சிலேடை பாட எவ்வளவு சொல்வளம் வேண்டும், யாப்பில் எவ்வளவு பழக்கம் வேண்டும் என்பதைப் பாடிப் பார்த்தவரே அறிவர். மடைப்பள்ளித் தொழிலாளி ஒருவன் முயன்று கற்றிருக்கக்கூடும் என்று எண்ண மனமில்லாதவர்கள், அவனது கல்வியைத் தாம்பூலத்துக்குத் தானம் செய்துவிட்டனர்.

நிற்க. நம் தோட்டத்துக் கதைகளுக்கு வருவோம். கணவன் குடிக்கிறான், மனைவியை அடிக்கிறான், ஒருநாள் இரவு குழந்தை வீறிட்டு அழுகிறது. 'அக்கணமே அவனுக்கு ஞானோதயம் உண்டாயிற்று.' மறுநாள் வெள்ளை வேட்டியுடன் வேலைக்குப் போகிறான். கதை முடிந்தது. அப்படியாயின், மனைவி ஆண்டுக்கணக்கில் மன்றாடியது என்னவாயிற்று? வாசகசாலைத் தோழர் வீடு தேடி வந்து பேசியது என்னவாயிற்று? பள்ளியிலிருந்து நின்றுபோன மூத்த மகன் ஒருநாள் தந்தையைப் பார்த்த பார்வை என்னவாயிற்று? ஒரே சொல்லால் ஆசிரியர் அத்தனை பேரையும் கதையிலிருந்து வெளியேற்றிவிட்டார்.

இதைப் படிக்கும் குடிகாரன் என்ன பாடம் கற்பான்? 'எனக்கும் ஒருநாள் உதிக்கும்; அதுவரை குடிக்கலாம்' என்பதைத்தான். அவன் மனைவியோ, 'நாம் சொல்லி என்ன பயன், அது தானாய் வரவேண்டும்' என்று வாய்மூடுவாள். கோயிலில் அருளுக்குக் காத்திருப்பதைக் கண்டிக்கும் நாம், கதையில் அதே காத்திருப்பைப் போதிப்பது பகுத்தறிவாகுமா?

மனிதன் சட்டென்று மாறுவதே இல்லை என்பது நம் வாதமன்று. மாறுகிறான், நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் சட்டென்று நிகழ்வது மாற்றத்தின் கடைசிக் கணமே. 'அன்றிரவு அவனுக்கு உறைத்தது' என்று ஆசிரியர் எழுதட்டும். என்ன உறைத்தது, யார் சொன்னது, எத்தனை முறை சொன்னது என்று வாசகர் கேட்பர். அவற்றுக்கு விடையெழுதப் புகுந்தால் வெளியேறிய மனைவியும் மகனும் தோழரும் தாமே கதைக்குள் வந்துவிடுவர்.

ஆகவே எழுதும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாத்திரத்தின் மனத்தில் ஏதேனும் சட்டென்று எழும்போது, அதற்கு முன் உழைத்தவர் யார், அவ்வெண்ணம் யாருடையது, மறுநாளும் அது நிலைக்குமா என்று ஆராய்ந்து, பின் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். உழைத்தவரின் கூலியை வேறொருவர் பெயரில் பதிவது கணக்கில் குற்றம். கதையிலும் அது குற்றமே.