பிரதிகளைத் திரும்பப் பெறுதல்: ஜீன் வெல்ஸின் அரண்மனை

'பிரதி' என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. கோட்பாடு பேசுகிறவர்களுக்கு அது வாசிக்கப்படும் எழுத்து. அச்சகத்துக்காரருக்கு அது கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கிற சரக்கு. முதல் பொருளில் ஊறிப்போன நாம் இரண்டாவதை வசதியாக மறந்துவிடுகிறோம். ஜீன் வெல்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிப் பேச இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1981இல் அவர் எழுதிய 'வெள்ளி இளவரசியின் அரண்மனை' என்ற புத்தகத்தின் பிரதிகளை, வெளியான கையோடு வெளியிட்ட நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே தலைப்பில், அதே வரிசை எண்ணில், வேறொருவர் திருத்தி எழுதிய புத்தகம் அந்த இடத்துக்கு வந்தது.

புத்தகம் என்றால் நாவல் இல்லை. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டுக்கான சாகசக் கையேடு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். நடத்துநர் ஒருவர் காட்சியை வாயால் சொல்ல, மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். 1974இல் தொடங்கிய இந்த வடிவத்தில் எழுதப்பட்டது பாதிப் பிரதிதான். மீதியை ஆடுகிறவர்கள் எழுதுகிறார்கள். 'வாசகனே பிரதியை எழுதுகிறான்' என்று நாம் இங்கே கருத்தரங்குகளில் தொண்டை வறளக் கத்தியதை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

விஸ்கான்சினின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்தது டி.எஸ்.ஆர். நிறுவனம். அதன் வடிவமைப்புப் பிரிவில் 1979இல் சேர்ந்த முதல் பெண் வெல்ஸ். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ்தான் அவரை எடுத்தது. அதே ஆண்டு 'டிராகன்' இதழில் விதிகள் பற்றிய கேள்விகளுக்கு 'ஞானியின் ஆலோசனை' என்ற பகுதி ஆரம்பமானபோது, முதல் ஞானி இவர்தான். ஆண் பிள்ளைகள் நிறைந்த உலகத்தில் இது விதி, இது விதியில்லை என்று ஒரு பெண் தீர்ப்புச் சொல்கிறார்.

அந்த விதிகள் எப்படிப்பட்டவை? 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின்படி ஒரு மனித ஆணின் உடல்வலு 18/00 வரை போகலாம். பெண்ணுக்கு 18/50தான் உச்சம். மந்திரவாதி வானத்தில் பறப்பான், டிராகன் தீ கக்கும். அதெல்லாம் கற்பனை, பரவாயில்லை. பொம்பளைக்கு வலு அதிகம்னா மட்டும் 'யதார்த்தம்' குறுக்கே வந்துடுது. 1989இன் இரண்டாம் பதிப்பு வரை இந்த எல்லை நீக்கப்படவில்லை. 1980 ஜூலை 'டிராகன்' இதழில் 'பெண்கள் சமத்துவம் கேட்கிறார்கள், ஏன் கூடாது?' என்ற பொருளில் தலைப்பிட்டு வெல்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். கூட எழுதியவர் கிம் மோகன். (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைக்க வேண்டாம், அமெரிக்கர்தான்.)

இனி அந்த அரண்மனை. அதில் 'டெகாபஸ்' என்று பத்துக் கைகள் கொண்ட ஒரு பிராணி. அது ஒரு மாயக்காட்சியை உண்டாக்குகிறது: ஒரு பெண் தன் தலைமுடியாலேயே கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறாள், சுற்றிலும் ஆண்கள் அவளைச் சீண்டுகிறார்கள். காப்பாற்ற ஓடுகிறவன் பிராணியின் பிடியில் விழுவான். இதைப் படமாக வரைந்தவர் லாரா ரோஸ்லாஃப். புத்தகம் திரும்பப் பெறப்பட்டதற்குப் பெரும்பாலும் சொல்லப்படுகிற காரணம் இந்தப் படம். இன்னொரு காரணமும் சொல்வார்கள். எரோல் ஓட்டஸ் வரைந்த மூன்று தலைப் பிராணிகளின் முகங்கள் அலுவலக மனிதர்களைப் போலவே இருந்தனவாம்.

எழுதியவர் பெண், வரைந்தவர் பெண், ஆகவே இது பெண்ணியப் பிரதி என்று நான் சொல்ல வரவில்லை. படத்தைத் தனியாகப் பார்த்தால் அது வதையை ரசிக்கிற படம்தான். ஆனால் எழுத்தோடு சேர்த்து வாசிக்கும்போது வேறொன்று நடக்கிறது. கட்டுண்ட பெண், ஓடிவரும் வீரன் என்ற சாகசக் கதையின் பழைய சட்டகமே இங்கே தூண்டிலாகிறது. காப்பாற்றும் ஆசைதான் பலவீனம் என்று அந்த அறை சொல்கிறது.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. இதே நிறுவனம் 1976இல் வெளியிட்ட 'எல்ட்ரிச் விசார்ட்ரி' என்ற நூலின் அட்டையிலேயே பலிபீடத்தில் கட்டப்பட்ட நிர்வாணப் பெண் இருந்தாள். அது விற்கப்பட்டது. நடுவில் காலம் மாறிவிட்டது என்பார்கள். மெய்தான். 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போய், பழி இந்த விளையாட்டின் மேல் விழுந்தது. விளையாட்டு பிரபலமானது, சிறுவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள், நிறுவனத்துக்குப் பயமும் வந்தது. ஆனாலும் 'பெண்ணை இழிவுபடுத்துகிறது' என்று தோன்றக்கூடிய ஒரு படத்துக்காகப் பலியானது ஒரு பெண்ணின் முதல் தனி நூல் என்பதைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. நம் பக்கத்துத் தடைகளை எதிர்த்து எழுதுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். படத்தை மட்டும் எடுத்துவிட்டு எழுத்தை விட்டிருக்கலாமே? எழுத்தையும் ஏன் மாற்றினார்கள்?

மாற்றியவர் டாம் மால்ட்வே. வில்லன் இல்லை. 1981இன் அடிப்படை விதிநூலைத் தொகுத்த, கைதேர்ந்த பதிப்பாசிரியர். ஆரஞ்சு அட்டைப் பதிப்பையும் பச்சை அட்டைப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏட்டுச்சுவடிக்காரர்கள் பாடபேதம் பார்க்கிற மாதிரி. பச்சைதான் சீராக இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்களைக் கைபிடித்து அழைத்துப்போகும் தொடக்கப் பகுதி இருக்கிறது, பொறுத்தமான தீய சக்தி இருக்கிறது, வீரர்கள் செய்து முடிக்க ஒரு காரியம் இருக்கிறது. வெல்ஸின் ஆரஞ்சு தொளதொளவென்று கிடக்கிறது. அவருடைய இளவரசி ஆர்ஜெண்டா காப்பாற்றப்பட வேண்டியவள் அல்ல, எப்போதோ செத்துப்போனவள். ஊர் அவளையும் டிராகன் மேல் வந்த வீரனையும் பற்றி வதந்தி பேசுகிறது. மேலும் பல அறைகளை வெல்ஸ் காலியாக விட்டிருந்தார், நடத்துநர் தாமே நிரப்பிக்கொள்ளட்டும் என்று.

எனக்கு இந்தக் காலி அறைகள்தான் பெரிதாகப் படுகின்றன. ரோலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' வாசகனைப் பிறப்பிக்கும் என்று நாம் நம்பினோம். இங்கே ஆசிரியை நீக்கப்பட்டாள், ஆனால் வாசகன் பிறக்கவில்லை. அவனுக்காக விடப்பட்ட இடங்கள் அடைக்கப்பட்டன. தமிழில் எழுதுகிறவரும் ஆசிரியர், திருத்துகிறவரும் ஆசிரியர். எந்த ஆசிரியர் சாகிறார், எந்த ஆசிரியர் பிழைத்துக்கொள்கிறார் என்று கேட்காமல் அந்தக் கட்டுரையை இனி என்னால் மேற்கோள் காட்ட முடியாது.

திரும்பப் பெற்ற பிரதிகளை லேக் ஜெனீவாவின் குப்பைமேட்டில் புதைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. தப்பிய சில பிரதிகள் சேகரிப்பாளர்களிடம் கொள்ளை விலைக்குப் போயின. 1997இல் டி.எஸ்.ஆரை வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் பின்னாளில் ஆரஞ்சுப் பதிப்பைக் கணினிக் கோப்பாக வெளியிட்டது. இதில் வெல்ஸுக்குக் கிடைத்தது எதுவுமில்லை. புத்தகம் போனபின் அலுவலகத்தில் அவருக்கு மிஞ்சியது செயலாளர் வேலைகள்தான். விலகினார். தனி நூல் என்று வேறெதுவும் அவர் அங்கே எழுதவில்லை. 2012 ஜனவரியில் இறந்தார். பச்சை அட்டையில் அவர் பெயர் இருக்கிறது, மால்ட்வேயின் பெயருக்கு அடுத்து, இரண்டாவதாக.