ஈதர்நெட்: மூலக் கட்டுரை பற்றி ஒரு மதிப்பீடு

ஒரே கட்டடத்துக்குள் கணிப்பொறிகளை இணைக்கும் குறும்பரப்பு வலையமைப்பைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பளு மிகுந்தால் ஈதர்நெட்டின் பயன்திறன் 37 விழுக்காடுதான் என்ற வரியும் கண்ணில் பட்டிருக்கும். அந்த எண்ணின் பிறப்பிடம், ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1976 ஜூலையில் வெளியிட்ட கட்டுரை. அதை நேரே படித்தவர்கள் குறைவு போலும். படித்திருந்தால் இந்த வரி இவ்வளவு காலம் நிலைத்திராது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான அமைப்பு அது. சுமார் 1 கிலோமீட்டர் நீளக் கேபிள். நொடிக்கு ஏறக்குறைய 30 லட்சம் பிட் வேகம். தலைமைக் கட்டுப்பாட்டுப் பொறி எதுவும் இல்லை. ஒவ்வொரு பொறியும் முதலில் கம்பியைச் செவிமடுக்கும். அமைதியாக இருந்தால் பேசும். இரண்டு ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொண்டால் உடனே நிறுத்தும். பிறகு குருட்டாம்போக்கில் ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் முயலும். மோதல் தொடரத் தொடர, காத்திருப்பின் சராசரி இரட்டிக்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோகா வானொலி வலையமைப்புக்குப் பட்ட கடனை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. செய்தி போய்ச் சேரும் என்று உறுதி கூறுவதுமில்லை. இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. (இயற்பியலார் கைவிட்ட ஈதரின் பெயரைக் கம்பிக்குச் சூட்டியது நல்ல குறும்பு!)

இனிக் கணக்குக்கு வருவோம். மோதலைக் கண்டறிய ஆகும் நேரம் 16 மைக்ரோ நொடி என்று கொள்கிறார்கள். அதற்குள் கம்பியில் 48 பிட்டுகள் செல்லும். எல்லாப் பொறிகளும் ஓயாமல் பேசத் துடித்தால், ஒரு செய்திக்கு முன் சராசரியாக 1.72 இடைவெளிகள் வீணாகும். செய்தியே 48 பிட் என்றால் 1-ஐ 2.72-ஆல் வகுங்கள், 37 விழுக்காடு வருகிறது. செய்தி 4096 பிட் என்றால்? அது 85 இடைவெளிகளுக்குச் சமம். 85-ஐ 86.72-ஆல் வகுத்தால் 98 விழுக்காடு! இரண்டும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. மிக மோசமான மூலையிலிருந்து ஓர் எண்ணைக் கிள்ளி, அதையே அமைப்பின் குணமாக்கிவிட்டார்கள் பின்வந்தோர். 1988-இல் பாக்ஸே இருவருடன் சேர்ந்து உண்மையான கம்பியில் அளந்து காட்ட வேண்டியதாயிற்று.

கட்டுரையிலும் குறை உண்டு. எத்தனை பொறிகள் காத்திருக்கின்றன என்பது ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது போலக் கணக்கு நடக்கிறது. உண்மையில் அவை மோதலை வைத்து ஊகிக்கின்றன. அந்த இடைவெளியை ஆசிரியர்கள் விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். முகவரிக்கு 8 பிட்டே ஒதுக்கியதும் குறுகிய பார்வைதான். 1980-இல் வந்த வரையறை அதை 48 ஆக்கியது.

இன்று உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் எல்லாக் கம்பிகளும் ஒரு ஸ்விட்ச் பெட்டியில் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு பொறிக்கும் தனிக் கம்பி; அனுப்பவும் பெறவும் ஒரே சமயத்தில் முடிகிறது. அங்கே மோதலே இல்லை. ஆனால் வைஃபையில் எல்லோருக்கும் பொதுவானது காற்றுவெளி ஒன்றே. பேசும்போது தன் குரலே பிறர் குரலை அமுக்கிவிடுவதால், மோதலைக் கேட்டு நிறுத்த அங்கே வழியில்லை. ஆகவே பேசுமுன்பே குருட்டாம்போக்கில் சற்றுக் காத்திருக்கிறார்கள்.