விஸ்லரின் கலைச் சண்டைகள்

ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் (1834–1903) அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஓவியர். விமர்சகர்களோடு அவர் இட்ட சண்டைகள் இன்று நகைச்சுவைத் துணுக்குகளாகவே நினைவுகூரப்படுகின்றன. ஆனால் அவற்றின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: ஓர் ஓவியத்தின் மதிப்பை யார், எதைக் கொண்டு அளப்பது?

வழக்கு

இரவு வானில் சிதறும் வாணவேடிக்கையைக் காட்டும் விஸ்லரின் ஓவியம் ஒன்று 1877இல் லண்டன் குரோவ்னர் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டது. தீப்பொறிகளைத் தவிர அதில் தெளிவான உருவங்கள் குறைவு. அக்காலத்தின் பெரும் விமர்சகரான ஜான் ரஸ்கின், மக்கள் முகத்தில் சாயச்சட்டியை வீசிவிட்டு 200 கினி கேட்பதா என்று சாடினார். விஸ்லர் 1,000 பவுண்டு இழப்பீடு கோரி அவதூறு வழக்குத் தொடுத்தார்.

1878 நவம்பரில் விசாரணை நடந்தது. இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு விலை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். வாழ்நாள் முழுதும் ஈட்டிய அறிவுக்கான விலை அது என்றார் விஸ்லர். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஆனால் கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர, 1879இல் அவர் திவாலானார். அவர் இழந்த செல்சி வீட்டை வாங்கியவரும் ஒரு கலை விமர்சகரே.

நூல்

வழக்கு விவரங்களையும் பத்திரிகைக் கடிதங்களையும் தொகுத்து, 'பகைவர்களைத் தேடிக்கொள்ளும் நயமான கலை' என்னும் பொருள்படும் தலைப்பில் 1890இல் நூலாக வெளியிட்டார். 1883ஆம் ஆண்டுக் கண்காட்சிப் பட்டியலிலேயே, தம் படைப்புகளின் பெயர்களுக்குக் கீழே விமர்சகர்களின் கண்டனங்களை அவர் அச்சிட்டிருந்தார். மறுப்பு எழுதவில்லை. படைப்பையும் பழிப்பையும் அருகருகே வைத்து, சிரிப்பைப் பார்வையாளரிடமே விட்டுவிட்டார். அவருடைய நையாண்டியின் வலிமை இதில்தான் இருக்கிறது.

மதிப்பீடு

ஓவியரல்லாதவர் ஓவியத்தைத் தீர்ப்பிடக் கூடாது என்ற அவரது வாதம் அவ்வளவு வலுவானதல்ல. அந்த வழக்கிலேயே ரஸ்கினுக்காகச் சாட்சி சொல்லி, ஓவியம் முழுமை பெறவில்லை என்றவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். அவரும் புகழ்பெற்ற ஓவியர்தான். மறுபுறம், பலர் பழித்த டர்னரின் ஓவியங்களுக்காக 1843இல் நூல் எழுதி வாதாடியவர் ரஸ்கின். டர்னரின் ஒளியையும் மூடுபனியையும் காணக் கற்றுத்தந்த அதே கண்கள் விஸ்லரின் இரவைக் காணவில்லை. ஆகவே தொழில் எதுவானாலும் அது பார்வைக்கு உத்தரவாதம் தருவதில்லை. புதியதைக் கண்டதும் பொறுமையிழப்பதே இருதரப்புக்கும் பொதுவான குறை.

உழைப்பு நேரத்தால் மட்டும் கலையை அளக்க முடியாது என்று நீதிமன்றத்தில் விஸ்லர் சொன்ன விடைக்கு இந்தக் குறை இல்லை. அவருடைய கேலிகளில் பல, தாக்கப்பட்டவர்களின் பெயர்களோடு மங்கிவிட்டன. அந்த விடை மட்டும் ஓவியருக்கு மட்டுமன்றி, கைத்திறனால் வாழும் எவருக்கும் இன்றும் பயன்படுகிறது.