கப்பல் ஏற இரண்டு வாசல்

தூத்துக்குடியில் பிளஸ் டூ முடித்த பையன் கப்பலில் அதிகாரியாகப் போக ஆசைப்பட்டால் முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வு அது. எல்லோர் வாயிலும் ‘ஐ.எம்.யூ. சி.இ.டி.’ 3 மணி நேரத்தில் 200 கேள்வி, ஆக ஒரு கேள்விக்கு 54 நொடி. இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம், கொஞ்சம் பொது அறிவு. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் நின்றபடியே சொல்லிவிடுகிற மீனவர் வீட்டுப் பையனுக்கு அதற்காக அரை மார்க்கும் கிடையாது.

அதே ஆசை இலங்கையில் நீர்கொழும்பிலோ குருநகரிலோ ஒரு பொடியனுக்கு வந்தால், நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும் போட்டிப் பரீட்சை எதுவும் அவன் குறுக்கே நிற்பதில்லை. சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டுபோய்க் கல்லூரியில் காட்ட வேண்டும். நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பிறகு கட்டணம். உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளியின் தசமத்துக்காகப் பிள்ளைகள் தூக்கம் தொலைக்கிற நாடு, கடல் விஷயத்தில் மட்டும் கதவை இப்படித் திறந்து வைத்திருப்பது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது.

ஒரு காலத்தில் இரண்டு கரையிலும் பரீட்சை இல்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்துக்காக. அதற்கு முன்னும் பின்னும் இந்தத் தடத்தில் சரக்கு ஏற்றிப் போனவை தோணிகள். தோணிக்கு ஆள் எடுத்தவர் அதன் தலைவரான தண்டல். மாமன் சொன்னான், சித்தப்பன் கூட்டிவந்தான் என்று ஏறிய பையன் பாத்திரம் கழுவி, பாய் தைத்து, சுக்கான் பிடிக்கப் பழகினான். வடக்கே வல்வெட்டித்துறையிலும் அப்படியே. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்த் தொட்டது. அதை ஓட்டிப்போன வல்வெட்டித்துறைக்காரர்கள் தொழில் கற்ற இடம் கடல்தான்.

நீராவியும் பிறகு கண்டெய்னரும் வந்ததும் கதை மாறியது. இன்று இரு நாட்டுக்கும் சட்டம் ஒன்றுதான்: 1978இல் லண்டனில் எழுதப்பட்ட எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை. மணிலாவைச் சேர்ந்தவனோ, மன்னாரைச் சேர்ந்தவனோ, மணப்பாட்டுக்காரனோ, கப்பலில் காவல் பார்க்கும் அதிகாரிக்கு இன்னின்னது தெரிந்திருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. யாரை எப்படிப் பொறுக்கி எடுப்பது என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. இந்தியாவும் இலங்கையும் பிரிவது அந்த இடத்தில்தான்.

இந்தியாவுக்கு வாசலிலேயே சல்லடை வைத்துப் பழக்கம். 1927இல் பம்பாயில் ‘டஃப்ரின்’ பயிற்சிக் கப்பல் தொடங்கிய நாளிலிருந்தே இடம் கொஞ்சம், ஆசைப்படுபவர் அதிகம். 2008இல் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தபின் சல்லடை ஒன்றாகிவிட்டது. ஆனால் ரேங்க் வாங்கியவன் கப்பல் ஏறிவிட்டதாக அர்த்தமில்லை. ஓராண்டு டி.என்.எஸ். பட்டயப் படிப்புக்கு ஒரு கப்பல் கம்பெனி ‘ஸ்பான்சர்’ செய்ய வேண்டும். அந்தக் கம்பெனி தனியாக ஒரு தேர்வு, ஒரு மனோதத்துவத் தேர்வு, ஒரு இன்டர்வியூ வைக்கும். கோச்சிங் சென்டர் வாசலில் தட்டி கட்டி எழுதுவது முதல் தேர்வைப் பற்றித்தான்.

இன்னொரு தேர்வு, கோச்சிங்கால் ஆகாதது. 1917இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட வண்ணப் புள்ளிப் பக்கங்கள். சிவப்பும் பச்சையும் கலந்த புள்ளிக் கூட்டத்துக்குள் ஒரு எண் மறைந்திருக்கும். பெரும்பாலோருக்கு 74 என்று தெரிவது, நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு 21 என்று தெரியும். இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை என்று இரவெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டிய தொழிலில் இதற்குச் சலுகை கிடையாது, இரு நாட்டிலும். பிள்ளையைக் கோச்சிங்கில் சேர்த்துப் பணம் கட்டும் முன் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் ஆட்கள் குறைவு. தேறி, சீட் கிடைத்து, கண்ணில் விழுந்து திரும்பி வருவது கொடுமை.

இலங்கையின் சல்லடை பணம். 1990இல் தொடங்கி, இப்போது மாலபேயில் இயங்கும் சினெக் பெரிய தனியார் கல்லூரி. அரசுப் பக்கத்தில் மீன்பிடி, கடற்பொறியியல் நிறுவனமாக இருந்து 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சமுத்திரப் பல்கலைக்கழகம் உண்டு. நுழைவில் ஆயிரம் பேரைத் தள்ளிவிடும் பரீட்சை இல்லாததால், ஏ/எல்லில் ஒரு பாடம் வழுக்கிய பொடியனுக்கும் இங்கே ஒரு இடம் உண்டு. இந்தியாவில் அவனுக்கு அந்த வருஷம் போயிற்று. இதை நான் இலங்கைக்கு ஒரு மார்க்காகவே போடுவேன். ஆனால் தகப்பனிடம் கட்டணம் கட்ட வழியில்லாதவனை எந்த ரேங்கும் காப்பாற்றாது என்பதால் அந்த மார்க்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

வாசல் இரண்டானாலும் உள்ளே போனபின் இருவரும் சந்திக்கும் அறை ஒன்றுதான். பயிற்சியும் கடல் சேவையும் முடித்து, இந்தியாவில் எம்.எம்.டி. என்கிற வணிகக் கப்பல் துறை அலுவலகத்திலோ கொழும்பில் வணிகக் கப்பல் செயலகத்திலோ அனுபவமுள்ள கேப்டன் ஒருவர் எதிரே உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு நடத்துவார். இரு பக்கமும் சொல்வது ‘ஓரல்ஸ்’. இரவு, முன்னால் ஒரு விளக்குக் கம்பம்: மேலே பச்சை, கீழே வெள்ளை. என்ன படகு? இழுவை வலை போடும் படகு. மேலே சிவப்பு, கீழே வெள்ளை? வேறு வகையில் மீன் பிடிக்கும் படகு. ரெண்டுக்கும் நீ விலக வேண்டும். பதில் சொல்லும் பையன் மீனவர் வீட்டுப் பிள்ளையானால், அவன் ஊர் வள்ளத்தில் பச்சையும் இருக்காது வெள்ளையும் இருக்காது, ஒரு டார்ச்சை ஆட்டுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். புத்தகத்தில் உள்ளதைச் சொல்லித் தேறிவிட்டு, ஊர் வழக்கத்தையும் மறக்காமல் கப்பல் ஓட்டுபவன்தான் நல்ல அதிகாரி.

இரண்டு நாட்டிலும் பரீட்சை பற்றிப் பேசுவோர் பேச விரும்பாதது இந்த ஓரல்ஸுக்கும் முந்திய சங்கதி. அந்த அறைக்குள் நுழையக் கடல் சேவை வேண்டும். எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கைப்படி, பதிவேட்டுடன் கூடிய முறையான பயிற்சியில் குறைந்தது 12 மாதம், இல்லையென்றால் 36 மாதம். அதற்கு யாராவது கப்பலில் ஏற்ற வேண்டும். “பய பாஸாயிட்டான் அண்ணாச்சி, கப்பல்தான் இன்னும் கெடைக்கல” என்பது தூத்துக்குடியில் சாதாரணமாகக் காதில் விழுகிற பேச்சு. நுழைவுத் தேர்வு இந்தியாவில் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாலும், கப்பலில் இடம் வாங்கித் தருவதில்லை. இலங்கைக் கல்லூரியும் அப்படியே. தெரிந்த கேப்டன், கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா, ஏஜென்ட். தோணிக் காலத்துச் சிபாரிசு இரண்டு கரையிலும் கோட் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

கப்பல் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் காசு வாங்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் ஏற்றது, இலங்கை 2017இல். இந்தியாவில் உரிமம் பெற்ற ஆர்.பி.எஸ்.எல். நிறுவனம் மட்டுமே ஆள் அனுப்பலாம். உரிமம் இருக்கிறதா என்று மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். அப்படியும் லட்சக் கணக்கில் பணம் கைமாறுவது நிற்கவில்லை. எதிர்க் கரையிலும் நகையை அடகு வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு.

அதிகாரிப் படிப்புக்கு வசதியோ மார்க்கோ இல்லாதவர்களுக்கு ரேட்டிங் எனும் சாதாரண மாலுமி வழி. தமிழ்நாடு அரசு 1998இல் தொடங்கிய மாரிடைம் அகாடமி தூத்துக்குடியிலேயே கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சி. இங்கே இந்தியா சல்லடையைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறது: பயிற்சி முடித்தவர்களுக்கு பி.இ.எஸ். அறக்கட்டளை அகில இந்திய அளவில் வெளியேறும் தேர்வு நடத்துகிறது. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோன கரையில், மூச்சடக்கி இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வை விட இந்த வழிதான் பொருந்தி வருகிறது. அதிகாரியாகும் பாதை இதிலிருந்தும் திறக்கும், ஆனால் நீளம்.

அரசு நினைத்தால், கேடட் எனப்படும் பயிற்சி அதிகாரிக்கு முதல் கப்பலில் இடம் தரலாம். இலங்கைக் கப்பல் கூட்டுத்தாபனம் 2016இல் வாங்கிய பெரிய கப்பல்கள் ‘சிலோன் பிரீஸ்’, ‘சிலோன் பிரின்சஸ்’ என்று இரண்டே. அவற்றில் எத்தனை கேடட்டைத்தான் ஏற்ற முடியும்? 1961இல் தொடங்கிய இந்தியக் கப்பல் கழகம் அதைவிடப் பெரியது, ஆனால் நாட்டில் படித்து வெளிவரும் கூட்டத்துக்கு அதுவும் போதாது. எனக்கு வேண்டியது சின்ன விஷயம். இரண்டு நாட்டுக் கல்லூரிகளும் சேர்க்கை விளம்பரத்தில், கடந்த ஆண்டு படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் எத்தனை மாதத்தில் கப்பல் ஏறினார்கள் என்று கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும். அதற்குப் பிறகு பரீட்சை வைக்கலாம், வைக்காமலும் போகலாம்.