எதிர்க்க அழைக்கிறோம், காக்க அழைக்கிறோமா?

கம்பம் பள்ளத்தாக்கின் விளைச்சலும் மதுரையின் குடிநீரும் மேற்கே நிற்கும் மலைகளைப் பொறுத்தவை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோகச் சாகுபடி நடக்கிறது. வைகை பிறப்பது வருசநாட்டு மலைகளில். இந்த மலைகளுக்காகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மாநில அளவில் பெரிய குரல் எழுந்திருக்கிறது. அந்தக் குரல் எதைச் சாதித்தது, எங்கே தவறியது என்று நிறுத்துப் பார்ப்பது அதன்மேல் அக்கறை உள்ளவர்களின் கடமை.

தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரத்திலிருந்து தொடங்குவோம். நீலகிரியில் சிங்காரா மறுக்கப்பட்டபின், நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்வான இடம் போடி மேற்கு மலை. அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை உள்ளே நிறுவுவது திட்டம். 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரத்து ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். மதிமுகவின் வைகோ நீதிமன்றம் போனார், நடைபயணம் போனார். ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தது.

அந்த வழக்கின் கூர்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்படியிருக்க, கடுமையான பரிசீலனை வேண்டிய ‘ஏ’ பிரிவில் வராமல், எளிதான ‘பி’ பிரிவில் இந்தத் திட்டம் எப்படி அனுமதி பெற்றது? 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் இதைக் காட்டியே அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு மத்திய அரசு இதைச் சிறப்பு நேர்வாகக் கருதி, கட்டுமானத் திட்டங்களுக்கான வரிசையில் வைத்து, மீண்டும் அனுமதி தந்தது. அந்த வரிசைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே கிடையாது. மலையைக் குடைவதும் அடுக்குமாடி கட்டுவதும் ஒரே பட்டியலில் வந்துவிட்டன. விதிப் புத்தகத்தின் ஓர் எண்ணுக்குள் ஓர் ஊரின் வாய் எப்படி அடைக்கப்படுகிறது என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது இந்த வழக்குதான்.

பலனும் கிடைத்தது. இதே திட்டத்துக்கு நிலம் ஒதுக்கிய மாநில அரசு, 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனு தாக்கல் செய்தது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையிலான புலி வழித்தடத்தை அந்த மனு காரணமாகச் சொன்னது. ஓர் அரசையே தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ள வைப்பது சிறிய காரியமல்ல. சட்ட அறிவும் ஊர் மக்களின் பிடிவாதமும் அரசியல் கட்சிகளின் பலமும் ஒன்றுசேர்ந்ததால் நடந்தது அது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பாறை வெடிப்பு, லட்சக்கணக்கான டன் கழிவுக் கல், ஓடைகளின் போக்கு, காப்புக்காட்டின் அமைதி என்று வலுவான வாதங்கள் கையில் இருந்தன. அவற்றோடு, நியூட்ரினோத் துகளே கதிர்வீச்சால் ஊரை அழித்துவிடும் என்ற அச்சமும் மேடைகளில் பரப்பப்பட்டது. சூரியனிலிருந்து வரும் அந்தத் துகள்கள் கோடானுகோடியாக ஒவ்வொரு நொடியும் நம் உடம்பைத் தீங்கின்றிக் கடந்து போகின்றன. மெய்யான காரணம் இருக்கும்போது பொய்யான பயத்தை ஊட்டுவது மக்களை மதிப்பதாகாது. 2018 மார்ச் 31 அன்று மதுரையில் வைகோவின் நடைபயணம் தொடங்கிய இடத்தில் அவருடைய கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்தார், பின்னர் உயிரிழந்தார். உணர்ச்சியை மட்டும் மூட்டிவிடும் அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த உயிர் சாட்சி.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. பொட்டிப்புரத்துக் கிராமசபையின் ‘வேண்டாம்’ என்ற தீர்மானத்தைக் கொண்டாடியவர்களில் பலர், அதே மாவட்டத்தின் மற்ற ஊர்கள் வனத்துறையிடம் ‘எங்களைக் கேளுங்கள்’ என்றபோது பேசவில்லை. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வைகையின் தாய்மடியைக் காக்கும் அந்த முடிவு தேவையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடமலை–மயிலை ஒன்றியத்தின் மலைக் கிராமங்களில் இலவமும் முந்திரியும் எலுமிச்சையும் போட்டுப் பிழைப்பவர்களும், பளியர் குடிகளும் அன்று முதல் வெளியேற்ற அச்சத்தில் இருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் யாருக்கு எந்த உரிமை என்று தீர்மானிக்கும் முதல் படியைக் கிராமசபையிடம் கொடுத்திருக்கிறது. அந்தப் படியில் ஏறாமலே மேல்மாடிக்குப் போகப் பார்ப்பதுதான் சிக்கல். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட வெளியூர்ப் பணக்காரர் யார், மூன்று தலைமுறையாக அங்கே குடியிருப்பவர் யார் என்று பிரித்துச் சொல்ல ஊராருக்குத்தான் தெரியும். வனத்துறையின் நோட்டீசுக்குத் தெரியாது.

மேய்ச்சலும் அப்படித்தான். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்தது. பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று தடையைச் சுருக்கியது. தேனியின் மலைமாடுகள் இந்த எல்லைக்குள்தான் சிக்கிக்கொண்டன. மலையில் மேய்ந்து இறங்கும் மாடுகளை வயலில் கிடை போட்டால் கிடைக்கும் எருவுக்கு ஈடு உரக்கடையில் இல்லை என்பார்கள் விவசாயிகள். கம்பத்து நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவத்தில் மாட்டுப் பொங்கலன்று மக்கள் கும்பிடப் போவதும் மாடுகளைத்தான். எத்தனை மாடு, எந்தச் சரிவில், எந்த மாதத்தில் என்று மேய்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய கேள்வி, தடை என்றும் உரிமை என்றும் இரண்டு கோஷங்களாகப் பிளந்து நிற்கிறது.

அரிசிக்கொம்பன் யானையின் கதை இன்னொரு பாடம். அதைக் கும்கியாக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்களே. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருவில் ஓடியது. 144 தடை உத்தரவு வந்தது. யானையால் காயமுற்ற ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் லாரி. யானைக்காகப் பேச ஆள் இருந்தது, சின்னக்கானலுக்காகப் பேசவும் ஆள் இருந்தது. மலைக்கு மறுபக்கம் இறங்கினால் கம்பம் என்பதை எடுத்துச் சொல்லத்தான் அந்த வழக்கில் யாரும் இல்லை. பாதிக்கப்படப் போகிறவர் இல்லாத இடத்தில் எடுக்கும் முடிவு, விலங்குக்கும் நன்மை செய்வதில்லை.

வேறு வழி இருக்கிறதா என்றால், குமுளி மலைச்சாலையில் ஏறினால் தெரியும். 1996-க்குப் பிறகு உலக வங்கி உதவியுடன் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. திருட்டுத்தனமாக வயனாப் பட்டை உரித்து வழக்குகளில் சிக்கியிருந்தவர்களே காவலும் வழிகாட்டலும் செய்யும் குழுவானார்கள். வசந்த சேனை என்ற பெண்கள் குழு 2002 முதல் ஊதியமின்றி முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறது. சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு இந்தச் சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் பணிகளுக்குப் போகிறது. இதிலும் ஓட்டைகள் உண்டு. பயணிகள் கூட்டம் இருக்கும் தேக்கடிக்குப் பொருந்துவது, கூட்டமில்லாத வருசநாட்டுக்கு அப்படியே பொருந்தாது. கடைசி அதிகாரமும் வனத்துறையிடமே இருக்கிறது. ஆனாலும், குற்றவாளி என்று பெயர் வாங்கியவரைக் காவலராக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தபோது, கிராமசபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஊர்கள் திரண்டு மதுரைக்கு நடந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எதிர்ப்பு வருவதற்கு முன்பே அங்கே காப்பதற்கான ஏற்பாடு ஒன்று இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தேனியில் அந்த வரிசை தலைகீழாக நிற்கிறது.

கிராமசபை என்றாலே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. சாதியும் கான்ட்ராக்டரும் அங்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் பல இடங்களில் காகிதத்தோடு நின்றுவிட்டன. இவற்றைத் திருத்த வழி, மேலும் பேரைச் சேர்ப்பதும் கணக்கைப் பொதுவில் வைப்பதும்தான். ஊரை விலக்குவது அல்ல.

ஆக, என் மதிப்பீடு இது: தேனியின் சூழல் இயக்கம் தடுப்பதில் தேர்ந்தது, காப்பதில் இன்னும் பயிலவில்லை. வழக்கறிஞரையும் மேடையையும் தரும் மாநில அமைப்புகள் இனி மேகமலை அடிவாரத்தில் வன உரிமை மனுக்களை எழுதித் தரவும், மேய்ச்சல் ஒப்பந்தம் பேசவும், பதிவேட்டை ஊராரோடு நிரப்பவும் ஆள் அனுப்பட்டும். அரசும் பொட்டிப்புரத்தில் ஏற்ற அதே நீதியை வருசநாட்டிலும் ஏற்கட்டும். ஊரின் ‘வேண்டாம்’ நமக்குப் பிடித்தபோது மட்டும் செல்லும் என்றால், அதற்கு மக்கள் பங்கேற்பு என்ற பெயர் பொருந்தாது.