சகவாசத்துக்கு முந்திய கதை

போதைப்பொருள் பற்றி நம் பகுதியில் எழுதப்படும் சிறுகதைகளுக்கு ஓர் அச்சு விழுந்துவிட்டது. பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை என ஊர்ப்பெயர் மட்டும் மாறும். உம்மா வளைகுடாவில் வீட்டுப் பணிப்பெண். மகன் மூத்தம்மாவின் பொறுப்பில். கெட்ட கூட்டாளி ஒருவன். கடற்கரையில் முதல் இழுப்பு. முடிவில் ஜனாஸா, இல்லையேல் தௌபா. நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே மூத்தம்மாவிடம் வளர்ந்த தம்பி ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? இக்கதைகள் இதைக் கேட்பதேயில்லை.

உளவியல் கேட்டிருக்கிறது. கனடாவில் பணியாற்றும் பற்றீசியா கொன்றொட் நான்கு குணப்போக்குகளைக் குறிப்பிடுகிறார்: நம்பிக்கையிழந்த மனம், தன் பதகளிப்பைக் கண்டே அஞ்சும் மனம், யோசிக்குமுன் செய்துவிடும் அவசரம், பரபரப்பைத் தேடும் ஆவல். முதலாமவனுக்குப் போதை மறதி, நாலாமவனுக்குச் சாகசம். ஒரே உபதேசம் இருவருக்கும் எப்படிப் பொருந்தும்? அவரது இரண்டு குறுகிய அமர்வுகள் போதையைவிட, மாணவன் தன் எண்ணம் ஓடும் விதத்தை அறிவதையே முதன்மைப்படுத்துகின்றன. லண்டன் பாடசாலைகளில் இதனால் மாணவரின் குடிப்பழக்கம் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. குணம் விதியல்ல என்பதும் இதனுள் அடக்கம்.

நம் இலக்கியத்தில் இதற்கு மிக அருகில் வந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யின் முஸ்தபாக்கண்ணுவை எந்தக் கூட்டாளியும் கெடுக்கவில்லை. பரம்பரைப் பெருமை ஊட்டி வளர்த்த எண்ணமொன்று அவருக்குள் ஊறிக்கிடக்கிறது: நான் கேட்டது கிடைத்தே ஆகவேண்டும். நாவின் ருசிக்காக வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. தடுப்பவள் மனைவியாயின் பிரம்பு பேசுகிறது. அவர் போதைக்காரர் அல்லர் என்று மறுக்கலாம். ஆயினும் வீட்டை விற்று வேட்கையை ஆற்றும் இந்த நடத்தை ஹெரோயின் புகுந்த வீட்டாருக்கு அந்நியமாகப் படாது. மீரான் அவரைத் திருத்த முனையவில்லை. எண்ணத்தின் வேரை மட்டும் தோண்டிக் காட்டுகிறார்.

மதுவிலக்கு வந்த முறையையும் நம் கதாசிரியர்கள் நினைத்துப் பார்க்கலாம். அல்பகறா 219 உடனடியாகத் தடுக்கவில்லை. பயனையும் பாவத்தையும் நிறுத்துப் பார்க்க வைத்தது. முழுத்தடை அல்மாயிதாவில் பின்னரே வந்தது. நம் கதைகளோ முதல் பந்தியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. பத்து வயதில் அந்த அண்ணன் தோற்றபோது தனக்குள் என்ன சொல்லிக்கொண்டான், தம்பி என்ன சொல்லிக்கொண்டான் என்று எழுதிய ஒரு கதை இதுவரை என் கண்ணில் படவில்லை.